‘ஆளையே காணோமே!’: ஓர் அட்டவணையின் பயணம்

வீட்டில் மோதிரமோ சாவியோ தொலைந்தால் பலர் வாயில் முதலில் வரும் பெயர் அரைக்காசு அம்மன். திருக்கோகர்ணத்தில் கோகர்ணேசுவரரோடு கோயில்கொண்டிருக்கும் பிரகதாம்பாள்தான் அவள். புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் தங்கள் சிறு செப்புக்காசின் ஒரு பக்கத்தில் அவள் உருவத்தையும், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்பதையும் பொறித்தார்கள். நவராத்திரியில் அரிசியோடு அந்த அம்மன் காசும் குடிகளின் கைக்கு வந்தது. காசு செல்லாமல் போய்விட்டாலும் அம்மனின் பெயர் நிலைத்துவிட்டது. தொலைந்தது கிடைத்தால் வெல்லம் வைத்துக் கும்பிடுகிறேன் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறார்கள்.

பொருள் தொலைந்தால் அது இருந்த இடம் வெறிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். வாடிக்கையாளர் தொலைந்தால் அப்படித் தெரியாது. அவர் நின்ற இடத்தில் வேறொருவர் நிற்பார், கல்லாவில் காசு விழுந்துகொண்டே இருக்கும். நாலு மாதம் கழித்து அவர் எதிரே வந்தால்தான் கடைக்காரருக்கு உறைக்கும்: “என்னக்கா, ஆளையே காணோமே!”

முப்பது முகங்கள் வரை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். முந்நூறு, மூவாயிரம் என்று போனால் நினைவு போதாது, ஓர் அட்டவணை வேண்டும். அதன் அமைப்பு எளிது. ஒரே மாதத்தில் முதல்முறை கடைக்கு வந்தவர்களை ஒரு செட்டாகச் சேர்த்து ஒரு வரிசையில் எழுதவேண்டும். அடுத்த மாதம் அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், அதற்கடுத்த மாதம் எத்தனை பேர் என்று வலப்பக்கம் நிரப்பிக்கொண்டே போகவேண்டும். அடுத்த மாதம் வந்த புதியவர்களுக்குத் தனி வரிசை. விற்பனைத் துறையினர் இதைக் கோஹார்ட் பகுப்பாய்வு என்கிறார்கள். இன்று கடைகளும் செயலிகளும் இதைத் தங்கள் சொத்துபோலப் பேசினாலும், இதன் பூர்வீகம் சந்தை இல்லை, சாவுக் கணக்கு.

துணி வியாபாரியின் நூறு குழந்தைகள்

ஆனால் அந்தச் சாவுக் கணக்கைப் போட்டவர் ஒரு கடைக்காரர். லண்டனில் துணியும் தையல் சாமான்களும் விற்றுவந்த ஜான் கிரான்ட், 1662இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அந்த நகரில் வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சாகி விற்பனைக்கு வரும். கொள்ளைநோய் தலைதூக்குகிறதா, ஊரைவிட்டுக் கிளம்பலாமா என்று பார்க்க வசதியுள்ளவர்கள் அதை வாங்குவார்கள். வாரம் முடிந்தால் அது பழைய காகிதம். கிரான்ட் பல பத்தாண்டுகளின் பட்டியல்களை எடுத்துவைத்து உட்கார்ந்தார். இந்த வாரம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது அவருக்குப் போதவில்லை. ஒன்றாகப் பிறந்த நூறு குழந்தைகள் எந்த வயதில் எத்தனை பேராக மிஞ்சுவார்கள் என்று கேட்டார்.

அவர் தந்த விடை இது: 6 வயதில் 64 பேர், 16இல் 40, 26இல் 25, 36இல் 16, 46இல் 10, 56இல் 6, 66இல் 3, 76இல் ஒருவர். பட்டியல்களில் இறந்தவரின் வயதே எழுதப்பட்டிருக்கவில்லை. குழந்தைகளைக் கொல்லும் நோய்கள் எவை, முதியவர்களைக் கொல்பவை எவை என்பதை வைத்து ஊகித்த எண்கள்தாம் இவை. எண்கள் கரடுமுரடானவை என்றாலும் கணக்கின் வடிவம் புதியது. ஒன்றாகக் கிளம்பியவர்களைப் பிரிக்காமல் கடைசிவரை பின்தொடர்கிறது. இறந்துபோனவர்கள் தொடக்கத்து நூறிலிருந்து கழிவதே இல்லை.

பின்னர் இந்த அட்டவணையைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி. இன்று போலந்தில் விரோத்ஸ்வாஃப் என்று வழங்கும் பிரெஸ்லவ் நகரத்தில் காஸ்பர் நோய்மான் என்ற பாதிரியார் பிறப்பு இறப்புகளை வயதோடு தொகுத்து வைத்திருந்தார். அதைக் கொண்டு 1693இல் ஹாலி ஆயுள் அட்டவணை அமைத்தார். ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் பணம் தரும் பத்திரங்களை அன்றைய ஆங்கில அரசு எல்லா வயதினருக்கும் ஒரே விலையில் விற்றுவந்தது. இளைஞனுக்கும் கிழவருக்கும் ஒரே விலை என்பது எவ்வளவு தவறு என்று ஹாலியின் கணக்கு காட்டியது. அட்டவணை பணத்தோடு கைகோத்தது இப்படித்தான்.

இரண்டு அட்டவணையிலும் ஒரு குறை இருந்தது. கிரான்டும் ஹாலியும் உண்மையில் எவரையும் பின்தொடரவில்லை. ஒரே காலத்தில் இறந்த பல வயதினரை அடுக்கி, ஒரே கூட்டம் நடந்துபோவதுபோல் ஒரு தோற்றத்தை உண்டாக்கினார்கள். இன்று 60 வயதானவரின் கதை, இன்று 20 வயதாகும் பையனின் நாளைய கதையாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். அது எவ்வளவு ஏமாற்றும் என்பது தெரிய இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதியவர்களின் நோயா?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவல் துறையைக் கட்டியவர் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் காசநோயால் இறந்தவர்களின் 1880 முதல் 1930 வரையிலான புள்ளிவிவரத்தை அவர் அலசினார். 1930இன் கணக்கை மட்டும் பார்த்தால் காசநோய் வயதானவர்களைத் தேடிப் பிடிக்கும் நோய்போலத் தெரிந்தது. முந்தைய பத்தாண்டுகளில் அப்படி இல்லை. நோய் தன் குணத்தை மாற்றிக்கொண்டதா?

ஃபிராஸ்ட் அதே எண்களைப் பிறந்த ஆண்டுவாரியாகக் கலைத்து அடுக்கினார். படம் மாறியது. எந்தச் செட்டை எடுத்தாலும் காசநோய்ச் சாவு உச்சம் தொட்டது இளமையில்தான். 1930இல் முதியவர்களாக இருந்தவர்கள், நோய் மிக உக்கிரமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள். இளமையில் அவர்களை இன்னும் பெரிய ஆபத்து சூழ்ந்திருந்தது. அதன் மிச்சமே முதுமையில் தெரிந்தது. பின்னால் பிறந்தவர்களுக்கு எல்லா வயதிலும் ஆபத்து குறைவு. ஃபிராஸ்ட் 1938இல் காலமானார், கட்டுரை 1939இல் வெளிவந்தது.

வியாபாரத்துக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. ‘பழைய வாடிக்கையாளர்கள் நிறைய வாங்குகிறார்கள், ஆகவே இன்றைய புதியவர்களும் நாள்பட நிறைய வாங்குவார்கள்’ என்று கணக்குப் போடுபவர், 1930ஆம் ஆண்டு வரிசையை மட்டும் பார்த்தவர் செய்யக்கூடிய அதே தவறைச் செய்கிறார். பழையவர்கள் வேறு காலத்தில், வேறு காரணத்துக்காக வந்தவர்கள். புதியவர்களை அவர்கள் செட்டோடுதான் ஒப்பிடவேண்டும்.

சேத்துப்பட்டில் ஒரு வருடம்

காசநோயைத் தொற்றிக்கொண்டே அட்டவணை சென்னைக்கு வந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுகளை முன்னின்று நடத்தினார்.

அன்று காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை என்பதே மருத்துவ விதி. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். நெரிசலான வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருப்பவர் மாத்திரையை மட்டும் சாப்பிட்டுக் குணமாவாரா? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் மருந்தை உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டாருக்குத் தொற்று கூடவில்லை என்பதை ஐந்து வருடம் குடும்பங்களைப் பின்தொடர்ந்து உறுதிசெய்தார்கள். உலகெங்கும் சானடோரிய முறை விடைபெறுவதற்குச் சேத்துப்பட்டின் இந்தக் கணக்கு பெரிய காரணம்.

ஆய்வுக்கு உகந்த இந்த ஒழுங்கை அன்றாட மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் செக் நாட்டு மருத்துவர் கரேல் ஸ்டிப்லோ. 1970களின் இறுதியில் தான்சானியாவில் அவர் ஒரு விதி வைத்தார். ஒரு காலாண்டில் பதிவான நோயாளிகள் அத்தனை பேருக்கும் முடிவில் ஒரு பதில் எழுதப்படவேண்டும். குணமானார், மருந்தை முடித்தார், இறந்தார், மருந்து பலிக்கவில்லை, வேறிடம் மாற்றப்பட்டார், பாதியில் நின்றுவிட்டார். இவற்றின் கூட்டுத்தொகை முதலில் பதிவான எண்ணுக்குச் சமமாக இருக்கவேண்டும். வராமல் போனவரை மறந்துவிட்டு, வந்தவர்களில் எத்தனை பேர் குணம் என்று சதவீதம் போட வழியில்லை. இந்தியாவில் 1997இல் தொடங்கிய திருத்தப்பட்ட காசநோய்த் திட்டத்தோடு இந்தக் காலாண்டுக் கணக்கு மாவட்டக் காசநோய் மையங்களுக்கும் வந்தது. நம் ஊர்களில் அரசு ஊழியர்கள் கோஹார்ட் கணக்கைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பதின்மூன்றாம் மாதம்

சேத்துப்பட்டு மையம் பிறந்த அதே 1956இல், செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. ஹாலியின் அட்டவணையின் வாரிசுகள் ஆயுள் காப்பீட்டில் தினசரி வேலை செய்பவை. யார் எப்போது இறப்பார் என்ற கணக்கோடு, யார் எப்போது பிரீமியம் கட்டுவதை நிறுத்துவார் என்ற கணக்கும் நிறுவனங்களுக்கு முக்கியமானது.

இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் இன்று பாலிசி நீடிப்பு விகிதத்தை 13, 25, 37, 49, 61ஆம் மாதங்களில் கணக்கிட்டு வெளியிடுகின்றன. 13ஆம் மாதம் ஏன்? வருடாந்திர பிரீமியம் கட்டுபவர் இரண்டாம் தவணையைக் கட்டினாரா என்பது அப்போதுதான் தெரியும். முதல் தவணையை மச்சானுக்காகவோ, ஊர்க்காரரான ஏஜென்ட்டின் முகத்துக்காகவோ கட்டியிருக்கலாம். இரண்டாம் தவணையைத் தனக்குத் தேவை என்று நினைப்பவர்தான் கட்டுவார். முதல் வருடக் கமிஷன் அதிகம், பின்னால் குறைவு என்ற ஏற்பாட்டில், விற்றுவிட்டு மறந்துவிடும் ஆசை ஏஜென்ட்டுக்கு இயல்பு. அந்த ஆசையை அம்பலப்படுத்துவது இந்த ஐந்து எண்கள். புதிய பாலிசி எத்தனை என்று முழங்கும் நிறுவனத்திடம் 61ஆம் மாத எண்ணைக் கேட்டுப் பார்த்தால் அதன் விற்பனை எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

காப்பீட்டில் ஒரு வசதி உண்டு. கெடு தாண்டியும் பிரீமியம் வரவில்லை என்றால் பாலிசி காலாவதி, ஆள் போய்விட்டார் என்பது தெரிந்துவிடும். மளிகைக் கடையில் யாரும் ‘இனி வரமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. போய்விட்டாரா, இன்னும் அரிசி தீரவில்லையா? 1987இல் டேவிட் ஷ்மிட்லைன், டொனால்ட் மாரிசன், ரிச்சர்ட் கொலம்போ என்ற மூவர் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இதழில் இதைத்தான் கேட்டார்கள்: ஒரு கடைக்கு உண்மையில் எத்தனை வாடிக்கையாளர்கள்? ஒருவர் எத்தனை முறை வந்தார், கடைசியாக எப்போது வந்தார் என்ற இரண்டு விவரங்களிலிருந்து, அவர் இன்னும் நம்மவரா என்பதற்கான வாய்ப்பைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். வாரந்தோறும் வந்தவர் இரண்டு மாதம் வரவில்லை என்றால் கவலைப்படவேண்டும். நாலு மாதத்துக்கு ஒருமுறை வருபவருக்கு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை.

மென்பொருளை வாடகைக்கு விடும் காலம் வந்தபோது அட்டவணைக்கு யோகம் அடித்தது. மாதச் சந்தா என்பதால் யார் இருக்கிறார், யார் போனார் என்பது தேதியோடு பதிவாகிவிடும். திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. முதலீட்டாளர்களுக்கு அது காட்டிய எண்களில் ஒன்று 118 சதவீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் இருந்த அதே வாடிக்கையாளர்கள் அன்று 100 ரூபாய் தந்தார்கள் என்றால், விட்டுப்போனவர்களைக் கழித்த பிறகும் இப்போது 118 ரூபாய் தருகிறார்கள். புதியவர் ஒருவர்கூட இந்தக் கணக்கில் சேரமாட்டார். அழகான எண்தான். ஆனாலும் பணத்தை எண்ணும் இடத்தில் தலைகளையும் எண்ணவேண்டும். சில பெரிய நிறுவனங்கள் கூடுதலாக வாங்கினால், பல சிறியவர்கள் போனது அதில் மறைந்துவிட முடியும்.

மொய் நோட்டு

இந்த அட்டவணைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு பங்காளி உண்டு. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்திலும் பக்கத்துப் பேராவூரணிப் பகுதியிலும் மொய் விருந்துகள் களைகட்டும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு அவரவர்க்கு மொய் எழுதுவார்கள். ஒருமுறை விருந்து வைத்தவர் மறுமுறை வைக்க ஐந்து வருடம் பொறுக்கவேண்டும். அந்த இடைவெளியில் தனக்கு எழுதியவர்கள் நடத்தும் விருந்துகளுக்குப் போய், வாங்கியதோடு கூடுதலும் போட்டுத் திருப்பி எழுதவேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை. ஒரு விருந்தில் எழுதியவர்கள் ஒரு செட்டு. அவர்களில் யார் திருப்பி எழுதினார், எவ்வளவு கூட்டி எழுதினார், யார் வரவே இல்லை என்பதெல்லாம் நோட்டைப் புரட்டினால் தெரியும். ஸ்டிப்லோ தான்சானியாவில் வைத்த விதி இங்கே மானத்தின் பேரால் நடக்கிறது. வராதவர் பெயரை யாரும் அடித்துவிடுவதில்லை. அப்பா வாங்கிய மொய்க்கு மகன் பதில் சொல்வான்.

2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பின்னாலேயே கொரோனா. மொய் வசூல் சரிந்தது. இதில் எந்த ஒரு செட்டின் நாணயத்தையும் குறை சொல்ல முடியாது. எல்லாச் செட்டும் ஒரே காலத்தில் அடிபட்டது. அட்டவணையைப் படிக்கும் வித்தை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஒரு வரிசை மட்டும் தொய்ந்தால், அந்தச் செட்டு வந்த வழியில் கோளாறு. மேலிருந்து கீழாக ஒரு பத்தி முழுக்கத் தொய்ந்தால், உதாரணமாக எல்லாச் செட்டும் இரண்டாம் மாதத்தில் கழன்றுகொண்டால், கோளாறு சரக்கிலோ உபசரிப்பிலோ இருக்கிறது. மூலைவாட்டில் எல்லா வரிசையும் ஒரே நாட்காட்டி மாதத்தில் அடிவாங்கினால், புயலோ, மூடிய சாலையோ, எதிரே புதிதாகத் திறந்த கடையோ காரணம்.

சன்னிதிக் கடையில்

இப்போது திருக்கோகர்ணத்தில் ஒரு தின்பண்டக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தையில் நூறு புதியவர்கள் வந்தார்கள். தள்ளுபடி நோட்டீஸ் அடித்ததில் மாசியில் 150, பங்குனியில் 225 பேர் புதிதாக வந்தார்கள். பழையவர்களையும் சேர்த்து மாதாந்திர மொத்தம் 100, 190, 290. எந்தக் கடைக்காரரும் மகிழ்ந்துபோவார். அட்டவணையோ இப்படி இருக்கிறது:

தை செட்டு: 100, 40, 20, 15
மாசி செட்டு: 150, 45, 15
பங்குனி செட்டு: 225, 45
சித்திரை செட்டு: 30

தை செட்டில் நூற்றுக்கு நாற்பது பேர் மறுமாதம் வந்தார்கள். மாசி செட்டில் முப்பது, பங்குனி செட்டில் இருபது. நோட்டீஸ் ஆட்களைக் கொண்டுவந்தது, நிற்க வைக்கவில்லை. சித்திரையில் நோட்டீஸை நிறுத்தியதும் புதியவர்கள் முப்பதுதான், மொத்தம் 105. பங்குனியில் 290 பார்த்தவருக்கு இது இடி. அட்டவணை வைத்திருந்தவருக்கு மாசி செட்டு பங்குனியில் எத்தனை பேராக வந்தது என்பதிலேயே தெரிந்திருக்கும்.

இங்கிருந்து செய்யவேண்டியவை தெளிவு. முதலில், செட்டை மாதத்தால் மட்டுமின்றி வந்த வழியாலும் பிரிக்கவேண்டும். நோட்டீஸ் பார்த்து வந்தவர், பக்கத்து வீட்டார் சொல்லி வந்தவர், தீபாவளிச் சீட்டு கட்டி வந்தவர் என்று மூன்று வரிசை போட்டால், விளம்பரக் காசு எங்கே பலிக்கிறது என்பது தெரியும். நோட்டீஸுக்கு ஒரு தலைக்கு 20 ரூபாய் செலவாகி நூற்றில் இருபது பேர் தங்கினால், தங்கியவர் ஒருவருக்கு 100 ரூபாய் செலவு. அவர் மறுபடி வாங்குவதில் அதைவிட லாபம் வந்தால்தான் நோட்டீஸ் தகும். அடுத்து, கழன்றுகொள்ளும் மாதம் எது என்று கண்டுபிடித்து அதற்கு முன்பே ஒரு சேதி அனுப்பவேண்டும். ஆறு மாதம் கழித்து அனுப்பும் தள்ளுபடிச் செய்திக்கு அவ்வளவு பலன் இருக்காது.

எச்சரிக்கைகளும் உண்டு. பத்துப் பேர் செட்டில் மூன்று பேர் வந்ததற்கும் நாலு பேர் வந்ததற்கும் காரணம் தேடக்கூடாது, அது தற்செயல். கால அளவைச் சரக்கே தீர்மானிக்கும். பாலுக்கு நாள், மளிகைக்கு மாதம், பட்டுப்புடவைக்கு வருடம். தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுப்பவரை மார்ச்சில் தொலைந்தவராக எண்ணுவது கணக்கின் பிழை. வாங்கிய போன் எண்ணை எதற்கு வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்தவேண்டும். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் அதுதான். அட்டவணைக்குப் பெயரும் தேவையில்லை, எண்ணிக்கை போதும்.

திருக்கோகர்ணத்துக்கு இன்னொரு சிக்கல். கோயிலுக்கும், அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் வெளியூரிலிருந்து வருபவர் வாழ்நாளில் ஒருமுறை வரலாம். அவர் திரும்ப வரவில்லை என்று கவலைப்படுவதில் பொருள் இல்லை. அவரையும் உள்ளூர்க்காரரையும் ஒரே வரிசையில் எழுதினால் இரண்டு கணக்கும் கெட்டுவிடும். யாத்திரிகரிடம் ஒரே நாளில் நல்ல சரக்கை நியாய விலைக்கு விற்கவேண்டும். தெருக்காரரிடம் இருபது வருடம் விற்கவேண்டும். இரண்டுக்கும் விளம்பரம் வேறு, நோட்டில் பக்கம் வேறு.

இதற்குக் கணினி கட்டாயமில்லை. நாற்பது பக்க நோட்டும் அடிக்கோலும் போதும். ஒரே ஒரு விதியை மட்டும் மீறக்கூடாது. கிரான்டின் நூறு குழந்தைகள் கடைசி வரிவரை நூறாகவே இருந்ததுபோல, முதல் கட்டத்தில் எழுதிய எண்ணைப் பிறகு குறைக்கக்கூடாது. ‘அவர்கள் எல்லாம் சும்மா வந்தவர்கள்’ என்று சாக்குச் சொல்லி நூறை அறுபதாக்கினால் சதவீதம் உடனே அழகாகிவிடும். அந்த நோட்டு அதன்பிறகு கடைக்காரருக்கு உதவாது. பங்குதாரரிடமோ வங்கி மேலாளரிடமோ காட்ட மட்டுமே உதவும்.